சென்னைக் கால்பந்துக் கழகங்களும் சொந்த அரங்கமும்

சென்னையின் பெயரைத் தாங்கிய இரண்டு கால்பந்துக் கழகங்கள் 2015 முதல் 2019 வரை மூன்று தேசியப் பட்டங்களை வென்றன. அவற்றில் ஒன்றுகூடச் சென்னையில் வெல்லப்பட்டதல்ல. சென்னையின் எஃப்.சி. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை 2015-இல் கோவாவிலும் 2018-இல் பெங்களூருவிலும் கைப்பற்றியது. சென்னை சிட்டி எஃப்.சி. அணி ஐ-லீக் பட்டத்தை 2019-இல் கோயம்புத்தூரில் வென்றது. இரு கழகங்களுக்கும் முதலீட்டாளர்கள் இருந்தனர். சொந்த அரங்கம் இருந்ததில்லை. புதிய முதலீட்டாளர் வந்தால் புதிய அரங்கமும் வரும் என்ற எதிர்பார்ப்பு கால்பந்து ரசிகர்களிடையே அடிக்கடி எழுகிறது. குறிப்பாகத் தாம்பரம், வண்டலூர், பழைய மாமல்லபுரம் சாலை எனத் தெற்கு நோக்கி நகரம் விரியும்போது, அரங்கமும் அங்கேயே அமையலாம் என்ற பேச்சு இயல்பானதே. இந்த எதிர்பார்ப்பின் பின்னணியையும் அதன் சாத்தியங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பூங்காவில் எழுந்த அரங்கம்

சென்னையில் பெரிய கால்பந்து ஆட்டங்கள் நடைபெறும் இடம் பெரியமேட்டில் உள்ள ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம். இது அமைந்துள்ள பகுதி, ஆளுநர் சார்லஸ் திரெவெலியன் காலத்தில் 1859-ஐ ஒட்டி உருவாக்கப்பட்ட பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவைச் சேர்ந்தது. குளங்களும் நடைபாதைகளும் கொண்டிருந்த அப்பூங்காவின் நிலத்தில் பின்னர் விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம் ஆகியவை எழுந்தன. நகரின் உயிரியல் பூங்காவும் அங்கேயே இருந்தது.

அதே பகுதியில் மாநகராட்சி அமைத்த விளையாட்டரங்கம் முதலில் கிரிக்கெட்டால் புகழ்பெற்றது. 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் இங்கே நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது இந்த மைதானத்தில்தான். பின்னர் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

1993-இல் அரங்கம் புதிதாகக் கட்டப்பட்டு, அந்த ஆண்டின் நேரு கோப்பை பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி இங்கு நடந்தது. வட கொரியா கோப்பையை வென்றது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்கும் இதுவே முதன்மை அரங்கம். சுமார் 40,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. இது கால்பந்துக்கு மட்டுமான அரங்கமல்ல. மைதானத்தைச் சுற்றி எட்டு தடங்கள் கொண்ட தடகள ஓடுபாதை உள்ளது.

ஓடுபாதை இருப்பது ரசிகர்களின் அனுபவத்தை நேரடியாகப் பாதிக்கிறது. கால்பந்து மைதானத்தின் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். எட்டுத் தட ஓடுபாதையின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கொண்டது. எனவே பக்கவாட்டில் அமர்பவர் மைதானக் கோட்டிலிருந்து குறைந்தது 12 மீட்டர் தள்ளியும், கோலுக்குப் பின்னால் அமர்பவர் குறைந்தது 36 மீட்டர் தள்ளியும் இருப்பார். கால்பந்துக்கென்றே கட்டப்படும் அரங்குகளில் இந்த இடைவெளி சில மீட்டர்கள்தான்.

அலுவலக அணிகளிலிருந்து முதலீட்டாளர் கழகங்களுக்கு

நீண்ட காலம் சென்னைக் கால்பந்தைத் தாங்கி நின்றவை அலுவலக அணிகள். தெற்கு ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, சென்னைத் துறைமுகம் போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை நடத்தின. இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக்கிலும் ஆடியது. வியாசர்பாடி, காசிமேடு போன்ற வடசென்னைப் பகுதிகளின் இளைஞர்களுக்குக் கால்பந்து என்பது அரசு அல்லது வங்கி வேலைக்கான வழியாகவும் இருந்தது. இந்த அணிகளுக்கு நுழைவுச்சீட்டு வருமானமோ அரங்கமோ முதன்மைத் தேவையாக இல்லை. ஆட்டக்காரரின் சம்பளத்தை நிறுவனமே கொடுத்ததால், பார்வையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அணி நடந்தது.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. பெங்களூரு அணிக்கான உரிமையைப் பெற்றிருந்த சன் குழுமம் விலகிக்கொண்டதால் அந்த இடம் சென்னைக்குக் கிடைத்தது. தொழில்முனைவோர் விட்டா டானி, நடிகர் அபிஷேக் பச்சன், கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி ஆகியோர் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் உரிமையாளர்களானார்கள். நுழைவுச்சீட்டு, விளம்பரதாரர், தொலைக்காட்சி உரிமை ஆகியவற்றை நம்பி இயங்கும் கழகம் சென்னைக்கு வந்தது. அத்தகைய கழகத்துக்கு அரங்கம் என்பது ஆடும் இடம் மட்டுமல்ல, வருமானம் வரும் இடமும்கூட.

ஆனால் அந்த இடம் கழகத்தின் கையில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரம் முடங்கியபோது, கொல்கத்தா அணிக்கு எதிரான அரையிறுதியின் சென்னை ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே 3-0 என வென்ற அணி, இறுதியாட்டத்தில் கோவாவை 3-2 என வீழ்த்தியது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் அதே 3-2 கணக்கில் இரண்டாவது கோப்பை கிடைத்தது. அதன் பயனாக 2019-இல் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு வந்தது. ஆசியப் போட்டியின் அந்த உள்ளூர் ஆட்டங்களைச் சென்னையின் எஃப்.சி. அகமதாபாத்தில் ஆடியது. கழகம் முதன்முதலாக ஆசிய அளவில் ஆடியதை நேரில் காணச் சென்னை ரசிகர்கள் குஜராத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பாசல் கழகத்தின் முதலீடு

வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் தமிழ்நாட்டுக் கால்பந்தில் நுழைந்த முக்கிய நிகழ்வு சென்னை சிட்டி எஃப்.சி. தொடர்பானது. 1946-இல் தொடங்கிய நேதாஜி விளையாட்டுக் கழகத்தின் தொடர்ச்சியான இக்கழகம், ரோகித் ரமேஷின் உரிமையில் 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் சேர்ந்தது. 2019 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் முன்னணிக் கழகமான எஃப்.சி. பாசல் 1893 இதன் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியது.

26 விழுக்காடு என்ற அளவுக்கு இந்திய நிறுவனச் சட்டத்தில் ஒரு பொருள் உண்டு. நிறுவனத்தின் அடிப்படை மாற்றங்களுக்கான சிறப்புத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்குகள் தேவை. ஆகவே 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் அத்தீர்மானத்தைத் தடுக்க முடியும். தானாக எதையும் நிறைவேற்ற முடியாது. இது பாதுகாப்பான பங்கு, ஆனால் பொறுப்பேற்கும் பங்கு அல்ல.

முதலீடு வந்த இரண்டே மாதங்களில் கழகம் உச்சத்தைத் தொட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸின் அணி, 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று பட்டத்தைப் பெற்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். கோயம்புத்தூரில் மக்கள் ஆதரவு கூடியது உண்மை. ஆனால் பெயர் ஒரு நகரத்தின் பெயராகவும் மைதானம் வேறொரு நகரத்தின் பொது அரங்கமாகவும் இருந்தன.

அடுத்த இரு பருவங்களையும் கொரோனா பெருந்தொற்று பாதித்தது. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் நடந்ததால் உள்ளூர் ஆட்டம் என்பதே இல்லாமல் போனது. சுவிட்சர்லாந்தில் பாசல் கழகத்தின் இந்திய முதலீட்டுக்கு ரசிகர்களிடையே எதிர்ப்பு இருந்தது. 2021-இல் அக்கழகத்தின் பெரும்பான்மை உரிமை டேவிட் டேகனிடம் கைமாறிய பின் இந்தியத் தொடர்பு நீடிக்கவில்லை. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இடம்பெறவில்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கழகம் தேசிய அரங்கிலிருந்து மறைந்தது. அதன் பெயரில் நிலமோ கட்டடமோ இல்லாததால், முதலீடு விலகியதும் அடுத்தவர் எடுத்து நடத்த எதுவும் மிஞ்சவில்லை.

மற்ற நகரங்களின் அனுபவம்

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டெல்லி டைனமோஸ் கழகம் 2019-இல் புவனேசுவரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு எஃப்.சி. புனே சிட்டி கலைக்கப்பட்டு அதன் இடத்துக்கு ஐதராபாத் எஃப்.சி. வந்தது. 2021-22 இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அந்த ஐதராபாத் கழகமும் 2025-இல் டெல்லிக்கு மாறி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்ற பெயரைப் பெற்றது. வாடகை அரங்கில் ஆடும் கழகத்துக்கு ஊர் மாறுவது எளிது. உரிமையாளருக்கு அது வணிக முடிவு. ரசிகருக்கு அது அணியை இழப்பது.

மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குழுமம் 2019 நவம்பரில் மும்பை சிட்டி எஃப்.சி.யின் 65 விழுக்காடு பங்குகளை வாங்கியது. இது பெரும்பான்மைப் பங்கு. அணி பட்டங்களையும் வென்றது. ஆனால் அக்காலம் முழுவதும் மும்பையின் உள்ளூர் மைதானமாக இருந்தது அந்தேரியில் உள்ள மாநகராட்சி விளையாட்டு வளாகமே. உலகின் பணக்கார முதலீட்டாளர்களில் ஒருவரும் அந்நகரில் புதிய அரங்கம் கட்டவில்லை. 2025 டிசம்பரில் அக்குழுமம் விலகுவதாக அறிவித்தது.

மாறுபட்ட எடுத்துக்காட்டு ஜாம்ஷெட்பூர். 2017-இல் லீக்கில் சேர்ந்த ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. டாடா ஸ்டீல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அது ஆடும் ஜே.ஆர்.டி. டாடா விளையாட்டு வளாகமும் அதே நிறுவனத்துடையது. 1987-இல் தொடங்கிய டாடா கால்பந்துப் பயிற்சியகமும் அதே ஊரில் உள்ளது. கழகம், மைதானம், பயிற்சியகம் மூன்றும் ஒரே கையில் இருக்கும் அரிய நிலை இது. நிறுவனமே நகரை உருவாக்கிய ஊர் என்பதால் அது சாத்தியமாயிற்று.

சென்னையிலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. சேப்பாக்கம் மைதானத்தின் நிலம் அரசுடையது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அதை நீண்டகாலக் குத்தகையில் பெற்று அரங்கம் கட்டியது. குத்தகை, கட்டட அனுமதி தொடர்பான சிக்கலில் அங்கே மூன்று பார்வையாளர் மாடங்கள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. ஆனாலும், நிலம் அரசிடமும் அரங்கம் விளையாட்டு அமைப்பிடமும் இருக்கும் ஏற்பாடு நடைமுறையில் இயலும் என்பதை அது காட்டுகிறது. கால்பந்துக்கு அப்படியொரு குத்தகை சென்னையில் இதுவரை அமையவில்லை.

அரங்கத்தின் வரவு செலவு

தனியார் முதலீட்டாளர்கள் அரங்கம் கட்டத் தயங்குவதன் காரணம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. 13 அணிகள் ஆடிய 2024-25 லீக் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள், உள்ளூரில் 12. ஆண்டின் 365 நாட்களில் 12 நாட்களே நிரம்பும் கட்டடத்தில் போட்ட பணம் நுழைவுச்சீட்டால் மட்டும் திரும்பி வராது.

இதற்கு உலகில் கண்டறியப்பட்ட தீர்வு, அரங்கத்தை ஆண்டு முழுவதும் பயன்படும் கட்டடமாக்குவது. பாசல் நகரின் சங்க்ட் யாகோப் பார்க் அரங்கமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2001-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் வணிக வளாகமும் முதியோர் குடியிருப்பும் சேர்ந்தே கட்டப்பட்டன. ஆட்டம் இல்லாத நாளிலும் அங்கே வாடகை வருகிறது. அத்தகைய வளாகத்துக்குத் தேவையானது வெறும் மைதான நிலமல்ல. ரயில், பேருந்து வசதியும் குடியிருப்புகளும் சூழ்ந்த நிலம்.

எனவே புதிய முதலீட்டாளர் யாராயினும், அவரது வாக்குறுதியை எடைபோட மூன்று கேள்விகள் உதவும். வாங்கும் பங்கு பெரும்பான்மையா, சிறுபான்மையா? நிலம் யாருடையது, எத்தனை ஆண்டுக் குத்தகை? ஆட்டமில்லாத நாட்களில் வருமானம் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடையில்லாத அறிவிப்பு, ஆட்டக்காரர் ஒப்பந்தங்களுக்கான பணமாக மட்டுமே முடிய வாய்ப்புண்டு.

தெற்குப் புறநகர்: நிலமும் நீரும்

சென்னையின் பெரிய நிறுவனங்கள் இடம் போதாதபோது தெற்கே நகர்ந்த வரலாறு உண்டு. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு மாறியது. பீப்பிள்ஸ் பார்க்கில் நேரு அரங்கத்தின் அண்டையில் இருந்த உயிரியல் பூங்கா 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. பாரிமுனையில் இருந்து 2002-இல் கோயம்பேடுக்குப் போன வெளியூர்ப் பேருந்து நிலையம், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்கு வந்தது. தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

விளையாட்டும் ஓரளவு இவ்வழியே வந்தது. 1995 தெற்காசியப் போட்டிகளை ஒட்டி வேளச்சேரியில் நீச்சல் வளாகம் அமைந்தது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆனால் பெரிய கால்பந்து அரங்கம் மட்டும் வரவில்லை. தாம்பரத்து ரசிகர் இன்றும் 1931-இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கியே நேரு அரங்கம் செல்கிறார். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து, சுமார் 25 கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.

தெற்கே நிலம் கிடைக்கும் என்பது பாதி உண்மையே. தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள செம்பாக்கம், சிட்லப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி ஓடுகிறது. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றின் தாழ்நிலங்கள். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னையின் எஃப்.சி.யின் அரையிறுதியைப் புனேவுக்கு அனுப்பிய வெள்ளம், இந்தத் தாழ்நிலங்களில் வீடுகளை மூழ்கடித்த அதே வெள்ளம்தான்.

2023-24 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் சென்னைக்கு உலகத் தரமான விளையாட்டு நகரம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய செம்மஞ்சேரி தேர்வு செய்யப்பட்டது. தெற்குப் புறநகரில் புதிய அரங்கம் அமையும் வாய்ப்பு இத்தனை தெளிவாக முன்பு தெரிந்ததில்லை. ஆனால் அந்த நிலம் நீர்நிலையைச் சேர்ந்தது என்ற எதிர்ப்பு எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. செம்மஞ்சேரியும் மழைக்காலங்களில் வெள்ளம் சூழும் பகுதியே. 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இதே வடிகால் அமைப்பைச் சார்ந்தது. கால்பந்து மைதானம் மட்டும் 1.76 ஏக்கர்தான். அதைச் சுற்றி எழும் மாடங்கள், வாகன நிறுத்தம், சாலை, கடைகள் ஆகியவையே நீர் உறிஞ்சும் நிலத்தைப் பல மடங்கு மூடுகின்றன.

2025 நெருக்கடிக்குப் பின்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஒப்படைத்திருந்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், புதுப்பிப்பு உறுதியாகாததால் 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி 14 அன்று 14 அணிகளுடன், 91 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட பருவம் தொடங்கும் என ஒன்றிய அரசு 2026 ஜனவரியில் தெரிவித்தது. அந்த அமைப்பில் ஓர் அணிக்கு 13 ஆட்டங்களே. உள்ளூரில் ஆறு அல்லது ஏழு. அரங்கத்தில் முதலிடுவதற்கான கணக்கு முன்னைவிட மேலும் கடினமானது.

இந்த நிலையில் ஒரு தனியார் முதலீட்டாளர் தாம்பரம் பகுதியில் தனியே பெரிய அரங்கம் எழுப்புவது எளிதல்ல. நடைமுறைக்கு நெருக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, மேட்டு நிலத்தில், ரயில் தடத்துக்கு அருகே, ஓடுபாதை இல்லாத சிறு அரங்கத்தை அரசு கட்டி, சேப்பாக்கத்தைப் போல நீண்டகாலக் குத்தகைக்குக் கழகத்திடம் விடுவது. மற்றொன்று, புறநகரில் ஏற்கெனவே உள்ள கல்லூரி, பல்கலைக்கழக மைதானங்களில் பயிற்சியகத்தையும் இளையோர் ஆட்டங்களையும் முதலில் வேரூன்றச் செய்து, பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் நேரு அரங்கத்தைப் பயன்படுத்துவது. இரண்டிலும் முதலீட்டாளர் பின்னொரு நாள் விலகினாலும், மைதானமும் அதில் ஆடும் சிறுவர்களும் ஊரிலேயே இருப்பார்கள். சென்னை சிட்டியின் பட்டத்துக்குப் பின் மிஞ்சாமல் போனது அதுதான்.